போகாமலே அறிவது எப்படி? விண்வெளி ஆய்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

தரம் 9 வகுப்பில் ஒரு நாள், திருவாதிரை நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,300 பாகை செல்சியஸ் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "யாராவது அங்க போயி அளந்தாங்களா சேர்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் விண்வெளி ஆய்வைப் பற்றி ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ரொக்கெட்டையும் வெள்ளை உடை அணிந்த விண்வெளி வீரரையும் படங்களில் பார்த்துப் பழகிய நாம், மனிதர் எங்கெங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவையே வானியல் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், நாம் அறிந்தவற்றுள் மிகப் பெரும் பகுதி, யாரும் எங்கும் போகாமல், அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்த ஒளியைப் பிடித்து, பிரித்து, வாசித்து அறிந்தவையாகும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அன்று அவளுக்குச் சொல்லி முடிக்க இயலாமற்போன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், நாம் போன தூரம் எவ்வளவு என்று பார்ப்போம். மனிதர் கால் வைத்த வேற்றுலகம் சந்திரன் ஒன்றே. 1969 ஜூலை முதல் 1972 டிசம்பர் வரை ஆறு பயணங்களில் 12 பேர் அங்கு நடந்தனர். சந்திரனின் சராசரித் தூரம் 384,400 கிலோமீற்றர். செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் ஒளிக்கு அது 1.3 செக்கன் பயணம். ஆளில்லாத கலங்களில் மிகத் தொலைவு சென்றது, 1977 செப்டெம்பர் 5 அன்று ஏவப்பட்ட வொயேஜர் 1 ஆகும். செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் அரை நூற்றாண்டளவு ஓடியும், அதன் சமிக்ஞை நம்மை வந்தடைய ஒரு நாளளவு நேரமே எடுக்கிறது. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான புரொக்சிமா சென்டோரியின் ஒளியோ வந்து சேர 4 ஆண்டுகளுக்கும் சற்று மேலாகிறது. வொயேஜரின் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு கலத்துக்கு 70,000 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். திருவாதிரை இருப்பது 500 ஒளியாண்டுகளோ அதற்கும் அப்பாலோ. ஆகவே, யாரும் போகவில்லை; போகவும் இயலாது.

ஒளியாண்டு என்பது காலத்தின் அளவு என்று பலர் மயங்குவதுண்டு. அது தூரத்தின் அளவு: ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், அதாவது ஏறத்தாழ 9.5 இலட்சம் கோடி கிலோமீற்றர். எனினும் அந்தச் சொல்லுக்குள் காலமும் ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. ரோகிணி நட்சத்திரம் ஏறத்தாழ 65 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. இன்று நமது தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் நின்று நாம் காணும் அதன் செம்மஞ்சள் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது, நம் உறவினர்களைப் பாதியாகப் பிரித்த 1964 ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கவில்லை. நாம் பார்ப்பது அன்றைய ரோகிணியை. இன்றைய ரோகிணி எப்படி இருக்கிறது என்பது இன்னும் 65 ஆண்டு கழித்து இங்கிருப்போருக்கே தெரியும்.

அப்படியானால் இந்தத் தூரங்களை அளந்தது எப்படி? விடை மலைநாட்டு ரயிலின் யன்னலில் இருக்கிறது. கோச்சியில் நானுஓயாவிலிருந்து ஹட்டன் நோக்கி வரும்போது யன்னலோரம் அமர்ந்து கவனியுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய தேயிலைச் செடிகள் கண்ணில் நில்லாமல் ஓடும்; எதிர்ச்சரிவிலுள்ள லயங்கள் மெல்ல நகரும்; தூரத்து மலைத்தொடரோ நம்முடனேயே வருவது போலத் தோன்றும். நாம் நகரும்போது அருகிலுள்ளது அதிகமாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் இடம்பெயர்கிறது. எவ்வளவு நகர்ந்தோம் என்பதும், பொருள் எவ்வளவு இடம்பெயர்ந்தது என்பதும் தெரிந்தால், அது எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை முக்கோணக் கணக்கால் கண்டுகொள்ளலாம். வானியலாளர் ஏறிக்கொள்ளும் ரயில் பூமியேதான். அது சூரியனைச் சுற்றுவதால், இன்று நாம் இருக்கும் இடத்துக்கும் ஆறு மாதம் கழித்து இருக்கும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீற்றர் இடைவெளி ஏற்படுகிறது. அந்த இரு முனைகளிலிருந்தும் ஒரே நட்சத்திரத்தை நோக்கினால், பின்னணியிலுள்ள தொலைதூர நட்சத்திரங்களுக்கு எதிரே அது சற்று நகர்ந்திருக்கும்.

"சற்று" என்ற சொல்லை இங்கு நன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். 1838 இல் ஜேர்மனியரான பெசல் என்பவர் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தில் இந்த நகர்வை அளந்து காட்டினார். ஏழு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மலையில் ஒருவர் இரண்டு சென்றிமீற்றர் அகலமுள்ள கொழுந்திலை ஒன்றைத் தூக்கிப் பிடித்தால் அதன் அகலம் நமது கண்ணில் எவ்வளவு கோணத்தைத் தாங்குமோ, அவ்வளவே அந்த நகர்வு. ஒரு மனிதர், கண்ணாலும் கையால் திருகும் ஒரு கருவியாலும் அதை அளந்தார் என்பது எனக்கு ரொக்கெட்டைவிடப் பெரிய வியப்பாகவே இருக்கிறது. 2013 இல் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ஏவிய கையா என்ற விண்கலம் இதே முறையைக் கையாண்டு, 100 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்தது. அதற்கும் அப்பாலுள்ளவற்றுக்கு வேறு வழிகள் உள்ளன. உண்மைப் பிரகாசம் தெரிந்த ஒரு நட்சத்திரம் எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணிப்பது அவற்றுள் ஒன்று. தூரத்து லயத்தின் மின்குமிழைப் பார்த்து அது எவ்வளவு தொலைவு என்று நாம் மதிப்பதும் அதே கணக்குத்தான்.

இனி வெப்பநிலைக்கு வருவோம். விறகு அடுப்பில் கங்கு முதலில் மங்கிய சிவப்பாக இருக்கும். ஊதுகுழலால் ஊதினால் செம்மஞ்சளாகி, மேலும் சூடேற மஞ்சளாக ஒளிரும். தொட்டுப் பார்க்காமலே எது அதிகச் சூடு என்று நம் வீட்டுப் பெண்கள் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு பொருள் எவ்வளவு சூடாகிறதோ அந்த அளவுக்கு அதன் ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது என்பது கங்குக்கும் நட்சத்திரத்துக்கும் பொதுவான விதியாகும். தை மாத இரவில் தலைக்கு மேலே வரும் மிருகவேட்டுவன் நட்சத்திரக் கூட்டத்தில், ஒரு மூலையில் செந்நிறத் திருவாதிரையும் எதிர் மூலையில் நீலவெண்ணிற ரிகலும் இருக்கும். முன்னது 3,300 பாகை. பின்னது 10,000 பாகைக்கும் மேல். வெறுங் கண்ணாலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். எனது மாணவியின் கேள்விக்கு நேரடி விடை இதுவே: கங்கை அளப்பது போலத்தான் அளந்தார்கள், ஆனால் கண்ணால் மதிப்பிடாமல், எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி வருகிறது என்று கருவியால் அளந்தார்கள்.

அந்த நட்சத்திரம் எதனால் ஆனது என்று அறிவதற்கும் அடுப்படியே போதும். காஸ் அடுப்பில் உப்புப் போட்ட உலை பொங்கி வழிந்தால், நீலச் சுவாலை சட்டென்று மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். ஒவ்வொரு மூலகமும் சூடேறி வாயுவாகும்போது தனக்கே உரிய சில நிறங்களை மட்டும் வெளிவிடும். வேறெந்த மூலகத்துக்கும் அதே நிறக் கோவை வாய்ப்பதில்லை. கைநாட்டு ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் போன்றதுதான்.

இதை வகுப்பில் காட்ட ஒரு சப்பாத்துப் பெட்டியும் பழைய இறுவட்டு ஒன்றும் போதும். பெட்டியின் ஒரு பக்கத்தில் சவர அலகால் மெல்லிய நேர்கோட்டுத் துளை வெட்டி, உள்ளே எதிர்ப்பக்கத்தில் இறுவட்டைச் சாய்வாக ஒட்டி, மேலே கண் வைத்துப் பார்க்க ஒரு சிறு ஓட்டை இட வேண்டும். துளையை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பினால், சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளியின்றி ஓடும் நிறப்பட்டை இறுவட்டில் தெரியும். அதே பெட்டியைச் சீ.எப்.எல். மின்குமிழை நோக்கித் திருப்பினால், பட்டை துண்டு துண்டாக உடைந்து, பச்சையும் செம்மஞ்சளும் தனித்தனிக் கோடுகளாக நிற்கும். குமிழுக்குள் இருக்கும் பாதரச வாயுவும் கண்ணாடியின் உட்பூச்சும் சேர்ந்து இட்ட கைநாட்டு அது. (துளையைச் சூரியனுக்கு நேரே ஒருபோதும் திருப்பக் கூடாது, கண் பாழாகிவிடும்.) இந்தச் சப்பாத்துப் பெட்டிக்கும் பெரிய ஆய்வுகூடங்களில் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானிக்கும் வேறுபாடு நுணுக்கத்தில் உண்டே தவிர, அடிப்படையில் இல்லை.

வெள்ளொளி பல நிறங்களின் சேர்க்கை என்று 1660களில் அரியத்தின் மூலம் காட்டியவர் நியூட்டன். 1814 இல் ஜேர்மனியக் கண்ணாடிக் கைவினைஞர் பிரவுன்கோபர், சூரிய நிறமாலையை உற்று நோக்கியபோது, பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான மெல்லிய கருங்கோடுகள் இருப்பதைக் கண்டு ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். அவை ஏன் இருக்கின்றன என்பது அடுத்த 45 ஆண்டுகளுக்கு விளங்கவில்லை. 1859 அளவில் ஜேர்மனிய விஞ்ஞானிகளான கிர்க்கோப்பும் புன்சனும் அந்தப் புதிரை அவிழ்த்தனர்: சூரியனின் புறப்படலத்திலுள்ள வாயுக்கள் தத்தமக்கு உரிய நிறங்களை உறிஞ்சிக்கொள்வதால், அந்தந்த இடங்கள் கருமையாகத் தெரிகின்றன. அடுப்பில் மஞ்சளாக எரிந்த சோடியம் சூரியனிலும் இருக்கிறது என்று அந்தக் கோடுகளே காட்டிக்கொடுத்தன.

இதன் தொடர்ச்சி நமக்கு அருகிலேயே நடந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867 இல். அதற்கு அடுத்த ஆண்டு, ஓகஸ்ட் 18 அன்று, தென்னிந்தியாவைக் கடந்து சென்ற முழுச் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்கென்றே பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்திருந்தார். அந்தக் கிரகணத்திலும் தொடர்ந்த மாதங்களிலும் சூரிய விளிம்பின் நிறமாலையில் காணப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, சோடியத்தின் கோட்டுக்கு அருகில் இருந்தும் அதனுடன் பொருந்தவில்லை. பூமியில் அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் அது பொருந்தவில்லை. ஆங்கிலேயரான லொக்கியர் அது ஒரு புதிய மூலகமே என்று துணிந்தார். சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஈலியம் என்ற பெயர் வந்தது. அதைப் பூமியில் ராம்சே கண்டெடுத்தது 1895 இல்தான். கைக்கு அகப்படுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பொருளைச் சூரியனில் கண்டு பெயரும் இட்டுவிட்டார்கள். போகாமல் எப்படி அறிவது என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கோடுகள் இன்னொன்றும் சொல்லும். வளைவில் வரும் ரயிலின் ஊதல் நம்மை நெருங்கும்போது கீச்சென்றும், கடந்து விலகும்போது தணிந்தும் ஒலிப்பதைப் போல, விலகிச் செல்லும் பொருளின் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கும். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த பெருந்திரள்கள், அநேகமாக அனைத்தும் நம்மிடமிருந்து விலகுகின்றன என்பதையும், எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம் என்பதையும் 1929 இல் எட்வின் ஹபிள் எடுத்துக்காட்டினார். அண்டம் விரிகிறது என்ற இன்றைய அறிவுக்கு வித்து அதுவே.

"நாமே மலை உச்சியில்தானே இருக்கிறோம், பெரிய தொலைகாட்டி ஒன்றை இங்கே வைத்தால் என்ன?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுள்ளது என்பது உண்மை. ஆனால் தொலைகாட்டிக்கு உயரம் மட்டும் போதாது, வறட்சியும் வேண்டும். நமது தேயிலைக்குச் சுவை தரும் மூடுபனியும் இரண்டு பருவமழைகளும் வானியலாளருக்குப் பகையாகும். ஆகவேதான் ஹவாயின் மௌனா கியா உச்சியிலும், சிலியின் அத்தகாமா பாலைவனத்திலும், ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில் லடாக்கிலுள்ள ஹான்லேயிலும் அவர்கள் போய்க் குடியேறுகிறார்கள்.

ஆனால் மூடுபனிக்கு அஞ்சாத ஒளியும் உண்டு. பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கிய காலையிலும் வானொலி பாடுகிறதே, ஏன்? வானொலி அலையும் ஒளியின் இனமே. அலைநீளம் மட்டும் மிகப் பெரியது. நமது கண் உணர்வது, ஒளி என்ற நீண்ட குடும்பத்தில் ஒரு சிறு துண்டை மட்டுமே. நட்சத்திரங்களும் வாயு முகில்களும் விண்மீன் மண்டலங்களும் வானொலி அலை, செந்நிறக்கீழ்க் கதிர், ஊதாக்கடந்த கதிர், எக்ஸ் கதிர் என்று எல்லா வகையிலும் ஒளிர்கின்றன. ஒவ்வொன்றையும் பிடிக்க ஒவ்வொரு வகைக் கருவி வேண்டும்.

லயக் கூரையில் வானைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் டிஷ், ஒரு சிறிய வானொலித் தொலைகாட்டியே ஆகும். அதன் குழிந்த பரப்பில் விழும் அலைகள் யாவும் கைபோல் நீண்டிருக்கும் முனையில் குவிகின்றன. அது துருப்பிடித்துப் புள்ளிவிழுந்தாலும் படம் வருகிறது, ஏனென்றால் அந்த அலையின் நீளம் இரண்டரை சென்றிமீற்றர் அளவு. அதைவிட மிகச் சிறிய பிசிறுகள் அலைக்குத் தெரிவதில்லை. (கன மழையில் படம் உறைந்துபோவது வேறு விடயம்: அந்த அலைநீளத்தை மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன.) அலைநீளம் மேலும் பெரிதானால் தகடுகூடத் தேவையில்லை. நீலகிரியில் ஊட்டிக்கு அருகே 1970 இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைகாட்டியின் பிரதிபலிக்கும் பரப்பு, 530 மீற்றர் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய ஏறத்தாழ 1,100 மெல்லிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளே. 30 மீற்றர் அகலம், துணி காயப்போடும் கொடிகளை வரிசையாகக் கட்டியது போல. அது பிடிக்கும் அலையின் நீளம் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவு என்பதால், கம்பிகளுக்கிடையிலான இடைவெளி அலைக்கு ஒரு பொருட்டல்ல.

அந்தத் தொலைகாட்டியின் பேரழகு அது அமைந்த சரிவில் இருக்கிறது. ஊட்டியின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்வுள்ள மலைச்சரிவு ஒன்றை இந்திய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு தேடிக் கண்டுபிடித்தது. அந்தச் சரிவில் கிடத்தியதால் தொலைகாட்டியின் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டது. ஆகவே அதை அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே, ஒரு வான்பொருளை ஒன்பது மணிநேரத்துக்கும் மேலாகப் பின்தொடர முடிகிறது. சரிவான நிலத்தைக் குறையாகக் கருதாமல் கருவியாக்கிய வேலை அது. 1964 ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட நம்மவரில் பலர் குடியேறி, மீண்டும் தேயிலையிலேயே வேலை செய்த மலைகளும் அந்த நீலகிரிதான். எங்கள் பெரியப்பா குடும்பமும் அங்குதான் போனது.

செந்நிறக்கீழ்க் கதிர்களின் நிலை வேறு. சூடான எதுவும் அவற்றை வெளிவிடும். நமது வளிமண்டலத்தின் நீராவி அவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியைப் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, வெயில் படாதவாறு ஒரு பெரிய குடையின் நிழலில் நிறுத்தியிருக்கிறார்கள். 18 துண்டுகள் சேர்ந்த அதன் ஆடியின் விட்டம் 6.5 மீற்றர். தூசி முகில்களுக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களை அதனால் பார்க்க முடிகிறது.

போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்வெளி உண்மையில் மிக அருகிலேயே தொடங்குகிறது. 100 கிலோமீற்றர் உயரத்தைப் பொதுவாக அதன் எல்லையாகக் கொள்கிறார்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் வழி அதைவிட நீளம். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில். தீவின் தென்கோடியான தெய்வேந்திர முனைக்கும் வடகோடியிலுள்ள பருத்தித்துறைக்கும் இடையிலான தூரம் அதற்குச் சற்று மேல். கடினம் உயரத்தில் அன்று, வேகத்தில்: கீழே விழாமல் சுற்றிக்கொண்டிருக்க மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீற்றர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் அது 90 நிமிடங்களுக்குச் சற்று அதிக நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானில் உருவாக்கிய, ஒரு கிலோ சீனிப் பக்கற்றின் நிறையுள்ள இராவணா 1 செய்மதியும் 2019 ஜூன் 17 அன்று அந்த நிலையத்திலிருந்தே விடுவிக்கப்பட்டது. நமது டிஷ் பார்க்கும் செய்மதிகளோ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே கதியில் சுற்றுவதால், வானில் ஓரிடத்திலேயே நிற்பனபோல் தோன்றும். அத்தகைய செய்மதிகளைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 இலேயே எழுதியவர், பின்னாளில் கொழும்பில் குடியேறி 2008 இல் இங்கேயே மறைந்த ஆதர் சி. கிளார்க்.

போய்ச் சேர்ந்த கலங்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தால், அங்கேயும் அதே அடுப்படிப் பாடம்தான். 2012 ஓகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தி, ஏழு மீற்றர் தூரம் வரையுள்ள பாறையை லேசர் கதிரால் சுட்டு, பொறியாகச் சிதறும் ஆவியின் நிறக்கோடுகளைப் படித்து, பாறையில் என்னென்ன மூலகங்கள் உள்ளன என்று சொல்கிறது. ஆனால் ஒளியால் சொல்ல முடியாததும் உண்டு. சந்திரனின் பாறைகள் எத்தனை கோடி ஆண்டு பழையவை என்பதை, சந்திரனில் நடந்த அப்பலோ வீரர்கள் அள்ளி வந்த 382 கிலோகிராம் மண்ணையும் கல்லையும் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்த பின்னரே உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இதில் நமது தீவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, விரும்பிப் பெற்ற பங்கு அல்ல என்றாலும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் இந்திய ரொக்கெட்டுகள் நேர் தெற்கே சென்றால் இலங்கைக்கு மேலாகப் பறக்க நேரும்; எரிந்து கழன்ற பாகங்கள் மக்கள் மேல் விழக்கூடாது என்பதற்காக, அவை முதலில் கிழக்கே சாய்ந்து புறப்பட்டு, பின்னர் நடுவானில் தெற்கே திரும்புகின்றன. அந்தத் திருப்பத்துக்குச் செலவாகும் எரிபொருள் சிறிய ரொக்கெட்டுக்குப் பெரும் சுமை. அதனாலேயே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே கடல் மட்டுமே. அங்கிருந்து எழும் ரொக்கெட் நமக்கு மேற்கே முந்நூறு கிலோமீற்றர் அளவில் கடந்து போகும். மேற்கு வானம் திறந்திருக்கும் ஒரு மாலையாக அது வாய்த்தால், மேட்டு லயத்திலிருந்து பார்க்கவும் முடியலாம்; மூடுபனி விட வேண்டும், அவ்வளவுதான்.